கருங்கழுத்துக் காடைக்கு நான் எழுதிய பன்னிரண்டு சீட்டுகள்

மாணிக்கம் உங்களிடம் பொய் சொன்னார்.

போன மாதம் உங்கள் பறவை ஆர்வலர் சங்கத்தின் பயிற்சிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பேசியதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். குடிகாட்டு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் கொல்லையில், பிடித்த மூன்று விரல் காடையை அவரே வயிறு திறந்து பார்த்தாராம். கழுத்து கறுத்த பறவைதான் பெட்டை என்று இந்தப் பக்கத்தில் முதலில் கண்டுபிடித்தவர் அவராம். நீங்கள் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தட்டவில்லை. அவர் அன்றைக்கு எந்தக் காடையின் வயிற்றையும் திறக்கவில்லை. திறந்தது வேறொருவர். எதற்காகத் திறந்தார் என்பதும் எனக்குத் தெரியும். மாணிக்கத்துக்கும் தெரியும்.

உங்கள் இதழுக்குப் பணி அனுபவம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. எழுத என்ன இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். இப்போது இருக்கிறது. படித்துவிட்டு, காதர் பாய்க்குப் பொறாமை என்று நீங்கள் பேசிக்கொள்வீர்கள். பேசிக்கொள்ளுங்கள். பொறாமைதான். உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பிருந்து என்னிடம் இருக்கும் பொறாமை அது. அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடாது.

அறுபதுகளில் நான் கடலூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் மியூசியத்தில் பறவைகளைப் பாடம் பண்ணும் வேலையில் இருந்தேன். தோலை உரித்து, மருந்து தடவி, பஞ்சு வைத்துத் தைத்து, காலில் சீட்டுக் கட்டுவது. சீட்டில் பறவையின் பெயர், கிடைத்த இடம், தேதி, ஆணா பெண்ணா என்று எழுத வேண்டும். சிதம்பரத்தில் இன்னொரு கல்லூரியில் இதே வேலையை மாணிக்கம் பார்த்தார். இருவரும் தற்காலிகம். என்னைவிட ஒரு வயது சின்னவர். ஊர் வழக்கப்படி என்னை மாமா என்று கூப்பிடுவார், நான் மச்சான் என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே கொல்லைவெளிக்குப் போவோம்.

அவர் கை நல்ல கை. அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் பாடம் பண்ணிய பறவை இப்போது பறந்துவிடும் போலிருக்கும். நான் பண்ணியது தலையணை உறைக்குள் பஞ்சு திணித்த மாதிரி இருக்கும். அவருடைய கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். புரொபசர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னை நான்கு வருடம் "ஏம்ப்பா" என்றார்கள். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் சிதம்பரம் பாசஞ்சருக்குக் காத்திருக்கும்போது டீக்கடைக்காரர்கூட முதல் கிளாஸை அவர் பக்கம்தான் நீட்டுவார். இதையெல்லாமா ஒருவன் கணக்கு வைப்பான் என்று கேட்பீர்கள். நான் வைத்தேன்.

முதலில் விரல் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் குற்றம் முழுக்க என்னுடையது.

காடை என்று சந்தையில் விற்பதெல்லாம் ஒரே காடை இல்லை. கூடைக்குள் நாலைந்து வகை கலந்து கிடக்கும். உண்மையான காடைக்குக் கோழியைப் போலக் காலில் முன்னால் மூன்று விரல், பின்னால் சின்னதாக ஒன்று. நான் சொல்லும் காடைக்குப் பின்விரலே கிடையாது. உருவத்தில் காடையை உரித்து வைத்தாற்போல இருக்கும், ஆனால் உறவு வேறு. இது இன்றைக்கு உங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்குத் தெரியாது. கையில் வந்த பறவைக்குப் பின்விரல் இல்லை. கண்ணியில் அறுந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். இரண்டு காலிலும் ஒரே மாதிரி எப்படி அறும் என்று யோசிக்கவில்லை. கெட்டுப்போய் ஒதுக்கியிருந்த ஒரு புதர்க்காடையிலிருந்து பின்விரல் இரண்டை வெட்டி எடுத்து, வச்சிரப் பசையால் ஒட்டினேன். பிரமாதமாக ஒட்டினேன். பலகையில் நிறுத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. புரொபசர் பாராட்டக்கூடச் செய்தார்.

மாணிக்கம் ஒருநாள் தன் கல்லூரி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தார்.

"மாமா, இதுக்குப் பின்வெரல் எங்க வாங்குனீங்க?" என்றார்.

"இன்னா வாங்குறது? அதோட வெரல்தான்."

"அப்ப இது உலகத்துலயே ஒரே ஒரு காடை மாமா. டிக்கெட் போட்டுக் காட்டலாம்."

இருபது பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் புரொபசரும் சிரித்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவர் காலைக்கூடத் தொட்டிருப்பேன். அன்று வாங்கிய அடியால் ஒன்று கற்றேன். கையில் இருப்பது பறவையின் குறையா, அதன் பிறவியே அப்படியா என்று தெரியாதபோது பசை டப்பாவைத் திறக்காதீர்கள். இன்றைக்கு உங்களிடம் பசை டப்பா இல்லை, கம்ப்யூட்டர் இருக்கிறது. படத்தில் தெரியாத விரலை நீங்களும் மனதுக்குள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அந்த ஆவணி மாதம்.

சிதம்பரத்துக் கல்லூரியில் மியூசியம் கீப்பர் வேலையை நிரந்தரமாக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஒரு இடம்தான். அதற்கு வேறு ஆள் தேடவில்லை. நானும் மாணிக்கமும் ஆளுக்கு ஒரு தட்டு, தரையில் வாழும், ஜனங்கள் வேட்டையாடும் பறவைகளைப் பாடம் பண்ணி அடுக்கி, மெட்ராஸிலிருந்து வரும் பறவை நிபுணர் ஒருவரிடம் காட்ட வேண்டும். அவர் கை காட்டுகிறவருக்கு வேலை. எனக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி ஊர் சிதம்பரம். கடலூரில் ஒற்றை அறையில் என்னோடு இருந்துகொண்டு, தினமும் "உங்க வேல எப்பதான் நெலைக்கும்?" என்று கேட்பாள். மாமனார் கேட்கமாட்டார், பார்ப்பார். அது இன்னும் மோசம். அந்த வேலை எனக்கு வேண்டும். வாழ்க்கையில் வேறெதையும் அவ்வளவு வேண்டி நின்றதில்லை.

தட்டுக்கு மூன்று விரல் காடை வேண்டியிருந்தது. குடிகாட்டில் அய்யாக்கண்ணு என்று ஒருவர் இருந்தார். சொந்தமாக ஒரு காணி மல்லாட்டைக் கொல்லை, ஓய்ந்த நேரத்தில் காடை பிடிப்பார். சிப்காட் தொழிற்பேட்டை எல்லாம் அந்த மண்ணுக்குப் பிற்பாடு வந்தது. அப்போது மணல் கலந்த கொல்லை, வரப்போரத்தில் புல், அதற்கப்பால் முந்திரி. மாணிக்கமும் நானும் விடிந்ததும் சைக்கிளில் போய்ச் சேர்ந்தோம்.

அய்யாக்கண்ணு பழக்கிய பறவை ஒன்றைச் சின்னக் கூண்டில் வைத்துக் கொல்லை நடுவில் இறக்கினார். கறுத்த கழுத்து, வெளிறிய கண். சற்று நேரத்தில் அது கூப்பிட ஆரம்பித்தது. அதைக் கூப்பிடுவது என்று சொல்வதே தப்பு. தூரத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து ஓட்டுவதுபோல ஒரு உறுமல். காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழும். முதல் தடவை கேட்டபோது ஜீப் வருகிறது என்று வரப்பை விட்டு இறங்கி ஒதுங்கி நின்றவன் நான். அதற்கும் மாணிக்கம் சிரித்திருக்கிறார்.

"நம்ம கூட்டுக்காரி கூப்புட்டுட்டா. இப்ப இன்னொருத்தி வருவா பாருங்க, சக்களத்தி மாதிரி," என்றார் அய்யாக்கண்ணு.

வந்தது. இறக்கையைத் தொங்கவிட்டு, தலையைத் தாழ்த்தி, கூண்டைக் கொத்துவதற்கு ஓடி வந்தது. கூண்டைச் சுற்றியிருந்த வலை விழுந்தது. அதுவும் கறுத்த கழுத்துதான். அடுத்ததும் அப்படியே.

அவர் அதை "அவள்" என்று சொன்னதை நான் கேட்டேன். கேட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அய்யாக்கண்ணு தன் சைக்கிளையும் அவள் என்றுதான் சொல்வார். எனக்குத் தெரிந்த நியாயம் இது: காடையில் சேவலுக்குத்தான் மார்பும் கழுத்தும் கறுத்திருக்கும். சண்டைக்கு வருவது சேவல். இது சண்டைக்கு வருகிறது, கழுத்தும் கறுத்திருக்கிறது. அப்புறம் என்ன சந்தேகம்?

மதியத்துக்குள் பதினெட்டு சேர்ந்தது. எனக்குப் பன்னிரண்டு, மாணிக்கத்துக்கு ஆறு. என் தட்டு பெரிதாக இருக்க வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்து அதிகம் வாங்கிக்கொண்டேன். வெயிலில் வைத்திருந்தால் கெட்டுவிடும் என்று அய்யாக்கண்ணு வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இருவரும் உரித்தோம். தோல் எங்களுக்கு. உரித்த உடம்புகளை அய்யாக்கண்ணுவின் மனைவி அஞ்சலை ஒரு சட்டியில் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குழம்புக்கு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பறவை ஆணா பெண்ணா என்பது இறகில் இல்லை, வயிற்றுக்குள் இருக்கிறது. உரித்ததும் வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் எழுத வேண்டும். எனக்கு முன்னால் அந்த மியூசியத்தில் வேலை பார்த்தவர் போகும்போது இந்த ஒன்றைத்தான் சொல்லிவிட்டுப் போனார். பார்க்காமல் எழுதினால் அது சீட்டு இல்லை, வதந்தி என்றார். நான் பன்னிரண்டையும் கீறாமல் சட்டியில் போட்டேன். மாணிக்கமும் தன்னுடைய ஆறையும் கீறாமல்தான் போட்டார். என் கண்ணால் பார்த்தேன்.

குழம்பு கொதித்தது. மாணிக்கம் எழுந்து கை கழுவினார். எனக்கு அந்தச் சாப்பாடு ஆகாது. பாடம் பண்ணும் பறவையை இறகில் ரத்தம் படாமல் நெஞ்சை அழுத்திக் கொல்வோம். அறுக்காமல் செத்ததை நாங்கள் சாப்பிடமாட்டோம். அது அந்த வீட்டுக்கும் தெரியும், யாரும் வற்புறுத்தவில்லை.

"பாய்க்கு ரெண்டு முட்டையாவது அவிச்சுத் தரட்டுமா?" என்று அஞ்சலை உள்ளேயிருந்து கேட்டார்.

"வாணாம்மா, வேல இருக்குது," என்றேன்.

வேலை என்ன வேலை? சீட்டு எழுதுவதுதான். மாணிக்கம் சாப்பிட்டு வருவதற்குள் நான் முடித்துவிட வேண்டும், அவரைவிட ஒரு படி முன்னால் இருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக எழுதினேன். ஆண். ஆண். ஆண். உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்டது. என்ன பேச்சு என்று கவனிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு என் மச்சான் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும்தான் எனக்கு உறைத்தது.

மாணிக்கம் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என் பக்கத்தில் குந்தினார். எழுதி வைத்திருந்த சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் ஆணா மாமா?"

"கழுத்தப் பாக்கலியா? எல்லாம் சேவல்தான்."

அவர் சீட்டுகளை ஒன்றாக அடுக்கினார். பிறகு, "குடுங்க, நூலு நான் கட்டுறன். உங்க முடிச்சு அவுந்துபூடும்," என்றார். பன்னிரண்டு காலிலும் பன்னிரண்டு சீட்டையும் அவர் கையாலேயே கட்டினார். தன்னுடைய ஆறுக்கு அவர் சீட்டு எழுதவில்லை. "கையெல்லாம் கொழம்பு வாசன மாமா, ஊருக்குப் போயி எழுதிக்கிறன்," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் முந்திவிட்டேன் அல்லவா.

இரண்டு வாரம் கழித்துச் சிதம்பரத்தில் நிபுணர் வந்தார். பருத்த மனிதர். அதிகம் பேசமாட்டார். நீள மேஜையில் இரண்டு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உயிரோடு ஒரு பறவையும் இருக்கட்டும் என்று புரொபசர் சொல்லியிருந்ததால் அய்யாக்கண்ணு தன் கூண்டுப் பறவையோடு சுவரோரம் நின்றிருந்தார். நிபுணர் என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சீட்டைப் படித்தார். கீழே வைத்தார். மாணிக்கத்தின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். அதையும் படித்தார்.

"ஒரே பறவை. ஒரே கொல்லை. ஒரே நாள். இதில் ஆண், அதில் பெண். ரெண்டு பேரில் யார் வயிற்றைப் பார்த்தது?" என்றார்.

மாணிக்கத்தின் சீட்டுகளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆறிலும் பெண்.

"நான் திறந்து பார்த்தேன் சார்," என்றேன். பொய். நினைக்கும் முன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நானும்தான் சார்," என்றார் மாணிக்கம்.

நிபுணர் என்னைப் பார்த்தார். "அப்படியானால் சுலபம். உயிரோடு ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்து காட்டுங்கள்."

அய்யாக்கண்ணு சுவரை விட்டு முன்னால் வந்தார். "சார், அது வாணாம் சார். நாலு வருசமாப் பழக்கிக்கினு வரன். இது மாதிரி இன்னொன்னு எனுக்கு அமையாது."

ஆனாலும் கூண்டு என் முன்னால் வந்தது. நான் கையை விட்டுப் பறவையை எடுத்தேன். கத்தி மேஜையில் இருந்தது. என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். திறக்கலாம். உள்ளே என்ன இருந்தாலும் இடுக்கியால் ஒதுக்கிவிட்டு, பாருங்கள் ஆண் என்று சொல்லலாம். அவ்வளவு சின்ன வயிற்றுக்குள் தூரத்திலிருந்து யாருக்கு என்ன தெரியும்? நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை என் கைக்குள் இருந்தது.

பறவையைத் திருப்பிப் பிடித்தபோது கட்டைவிரல் அடிவயிற்றில் பட்டது. கெட்டியாக, உருண்டையாக ஏதோ ஒன்று. புளியங்கொட்டையைவிடப் பெரிது. இன்னொரு தடவை தடவினேன். கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான். முட்டைக்கு வந்த கோழியை விரலால் தடவிப் பார்த்துத்தான் என் தாயார் கூடையில் அடைப்பார். எனக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது.

அந்த நேரத்திலும் வழி இருந்தது. பாவம் சார், அவருடைய பறவை, கொல்ல மனசு வரவில்லை என்று சொல்லியிருந்தால் நல்லவன் என்ற பெயரும் கிடைத்திருக்கும், ஆண் பெண் வழக்கும் முடியாமல் நின்றிருக்கும். அதுவும் தோன்றியது. ஆனால் முட்டை விரலுக்கடியில் இருக்கும்போது என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. காரணம் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

"இது வயித்துல முட்ட இருக்குது சார். பொட்டதான். நான் எழுதினது தப்பு. பன்னெண்டும் தப்பு. நான் தெறந்து பாக்கல," என்றேன்.

நிபுணர் வந்து தானே தடவிப் பார்த்தார். தலையாட்டினார். பறவையை அய்யாக்கண்ணுவிடம் கொடுத்தார். வேலையை மாணிக்கத்திடம் கொடுத்தார்.

அதில் எனக்கு வழக்கில்லை. பார்க்காமல் எழுதியவனுக்கு மியூசியத்தைக் கொடுக்கக் கூடாது. நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

வழக்கு அதற்குப் பிறகு வருகிறது. அய்யாக்கண்ணுவும் நானும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். கூண்டைத் துண்டால் மூடித் தோளில் வைத்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"ஏன் பாய், அன்னிக்கே தெரிஞ்சும் ஏன் ஆணுன்னு எழுதுனீங்க?"

"இன்னா தெரியும்?"

"அஞ்சல கழுவும்போது பாத்துச்சே. ஒண்ணு வுடாம பதினெட்டுலயும் மஞ்சமஞ்சளாக் கருமுட்ட. மாணிக்கம் சாரு எலையில உக்காந்ததும் சொல்லிச்சு. எல்லாம் பொட்டைங்கதான் சார், சேவலு பாவம், அது முட்டமேல குந்திக்கினு கெடக்குது, இதுங்க ஊர் மேயுதுங்கன்னு. அதுக்குத்தான அப்புடிச் சிரிச்சோம். அவுரு வந்து உங்களாண்ட சொல்லலியா?"

ஸ்டேஷனில் மாணிக்கம் நின்றிருந்தார். புவனகிரிக்கு யாரையோ பார்க்கப் போவதாக முதலில் சொல்லியிருந்தவர், சந்தோஷத்தில் எங்களை வழியனுப்ப வந்திருந்தார். நான் கேட்டேன்.

"மச்சான், அஞ்சல சொன்னது உனுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் நூல் கட்டுனியா?"

"மாமா, ரயில் வந்துடுச்சு, ஏறுங்க," என்றார்.

ரயில் அப்போது வரவில்லை. சிக்னல்கூட இறங்கவில்லை. அவர் திரும்பி நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டால், வேலை போன வயிற்றெரிச்சல் என்பார்கள். என் மனைவியே சொன்னாள்: "உங்களுக்கு இல்லன்னாலும் நம்ம மாணிக்கத்துக்குத்தான கெடச்சுது, வெளியாளுக்கா போச்சு?" அவர் மியூசியம் வளர்ந்தது. அவர் பெயர் போட்ட கட்டுரைகள் வந்தன. ரம்ஜானுக்கு வீடு தேடி வருவார், பிரியாணி சாப்பிடுவார், என் பிள்ளைகளுக்கு அவர் மாமா. ஒவ்வொரு தடவையும் நூல் கட்டிய அந்தக் கையைத்தான் பார்ப்பேன். இந்த வேலையில் நான் ஓய்வு பெறும்வரை கடலூரை விட்டு நகரவில்லை. சிதம்பரம் கை நழுவிய அடுத்த வருடம் என்னை அங்கேயே நிரந்தரமாக்கினார்கள், அது வேறு. சிதம்பரத்துப் பெட்டிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம், இந்தக் கண்ணாடியை நான் துடைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

என் பன்னிரண்டு பறவைகளின் பழைய சீட்டை நான் அவிழ்க்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சீட்டுக் கட்டினேன்: "முதல் சீட்டு தவறு. வயிறு பார்க்காமல் எழுதியது. பெண்." கீழே என் கையெழுத்து. நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். தப்பான சீட்டைக் கிழித்தால் தப்பு மறைந்துவிடும், அடுத்து வருகிறவன் அதே தப்பைப் புதிதாகச் செய்வான்.

இன்னொன்று. அன்று நான் சாப்பிடாமல் இருந்தது தப்பில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ஏம்மா, கழுவும்போது உள்ளே என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்ததுதான் தப்பு. பறவையின் வயிற்றைப் பார்த்த ஒரே ஆள் அந்த வீட்டுக்குள் இருந்தார். நாங்கள் இருவரும் அவரைச் சமையல்காரி என்று நினைத்தோம். ஒருவன் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. இன்னொருவன் கேட்டுத் தன்னுடையது ஆக்கிக்கொண்டான். நீங்கள் இரண்டும் செய்யாதீர்கள். தரையில் வாழும் பறவையைப் பற்றித் தரையில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள், கேட்டால் அவர்கள் பெயரை எழுதுங்கள்.

மாணிக்கம் சொல்லக்கூடிய ஒரே சமாதானம், ஊருக்குப் போய்த் திறந்து பார்த்தேன் என்பது. எதைத் திறந்தார்? பதினெட்டு உடம்பும் அஞ்சலையின் குழம்பில் கிடந்தன. அதில் பாதியை அவரே சாப்பிட்டார்.

நீங்கள் என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டது நானாக இருந்து, வாசலில் ஆண் ஆண் என்று எழுதிக்கொண்டிருந்தது மாணிக்கமாக இருந்திருந்தால், நான் அவரிடம் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கமாட்டேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. நூலும் கட்டிக் கொடுத்திருப்பேன், இன்னும் இறுக்கமாக. அதனால்தான் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் செய்தது எனக்குப் புரிகிறது. அதைச் செய்துவிட்டு, உங்கள் முன்னால் நின்று, கண்டுபிடித்தேன் என்று கைதட்டல் வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அஞ்சலை போய்ப் பத்து வருடம் ஆகிறது. அய்யாக்கண்ணு அதற்கு முன்பே. சாட்சி சொல்ல யாரும் இல்லை. மாணிக்கத்துக்கு இது வசதி. ஆனால் மாணிக்கம் இருக்கிறார், நானும் இருக்கிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். அவரையும் கூப்பிடுங்கள். மைக்கை முதலில் அவரிடமே கொடுங்கள்.

மாணிக்கம், என் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம். ரம்ஜானுக்கு வரும்போது காதோடு காதாகவும் வேண்டாம். அந்தப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள். பெட்டை என்று உங்களுக்குச் சொன்னது யார்? என் சீட்டுகளுக்கு முடிச்சுப் போட்டபோது அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு பெயரும், ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தையும் போதும். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.